பெட்டி ரயிலை இனி என்னால் பார்த்துக்கொள்ள முடியாது

மிதக்கும் அலைத்தடுப்புச் சுவரின் பொறியாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்கள் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். தங்கள் அத்தை நலம். தங்கள் கணவரும் என் மகனுமாகிய கண்ணாடிக் கடைக்காரர், வயிறு ஒன்றைத் தவிர மற்றபடி நலம். சுவராக மிதக்கும் பன்னிரண்டு பெட்டிகளும் நலம். ஏழாவது பெட்டிக்கு மட்டும் சிறு உபாதை ஏற்பட்டு இப்போது தேறிவிட்டது. விவரம் கீழே வருகிறது.

பொருள்: கண்காணிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வது.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் புறப்பட்டுப் போய் ஏழு வாரம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் ஃபோன் செய்கிறீர்கள், அத்தைக்கு. நான் பக்கத்தில்தான் நிற்பேன். "மாமா எப்படி இருக்காரு?" என்று தாங்கள் கேட்பது எனக்கே நன்றாகக் கேட்கும். "இருக்காரு" என்பாள் அவள். ஏழு வாரமாக என்னைப் பற்றி அங்கே வந்து சேர்ந்த தகவல் அந்த ஒரு சொல்தான். ஆகவேதான் கடிதம். எழுதும் முறையைப் படகுக்காரர் சங்கத்து எழுத்தரிடம் கேட்டேன். ராஜினாமா என்றால் "தாங்கள்" போட வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, சொந்த விஷயம் எதுவும் வரக் கூடாது என்று மூன்று விதி சொன்னார். முதல் விதியைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

இந்தப் பொறுப்புக்கு நான் விண்ணப்பம் போட்டவன் அல்ல என்பதை முதலில் பதிவு செய்கிறேன். அடுத்த துறைமுகத்தில் இதேபோல இன்னொரு சுவர் அமைக்கத் தாங்கள் கிளம்பிய அன்று காலை, படகுக்காரர் சங்கத்தில் பேச்சு எழுந்தது: தாங்கள் திரும்பி வரும்வரை வாரம் ஒருமுறை பெட்டிகளையும் சங்கிலிகளையும் யார் போய்ப் பார்ப்பது? சங்கத் தலைவரைத் தங்களுக்குத் தெரியும். தொண்டையைச் செருமினாலே எதிர்க்கரைக்குக் கேட்பதால் ஊர் அவரை மைக் என்று அழைக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். "அண்ணன் சும்மாதான இருக்காரு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் கை தட்டி முடித்துவிட்டார்கள். முந்தின நாள் அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், "அந்தப் பெட்டிங்க ஒரு வாளித் தண்ணியக்கூட அடக்காது, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று கத்தியவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுக் காவல் வைத்தால் கை தட்டாமல் என்ன செய்வார்கள்? பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் வைத்த கதை. தட்டியதில் பாதி கிண்டல்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. மேலே தங்கள் கையெழுத்தில், "பார்க்கிறவருக்கு" என்று எழுதியிருந்தது. பார்க்கிறவர் நான்தான் என்று அப்போது தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முதல் நான்கு பக்கம் படித்தேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா, கடலடி நங்கூரத்துக்குப் போகும் சங்கிலியின் இரும்பு வளையம் தேய்ந்திருக்கிறதா, பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, படகு யாராவது கட்டியிருக்கிறார்களா. சரி, வாரத்துக்கு ஒருநாள் துடுப்புப் படகில் போய் நான்கு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். மேற்கொண்டு படிக்கவில்லை. அது என் குற்றம்.

முதல் வாரமே ஊர் அதற்குப் பெட்டி ரயில் என்று பெயர் வைத்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு பேருந்து நீளம், பன்னிரண்டு, வரிசையாகக் குடாவின் வாயை மறித்துக்கொண்டு மிதந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அதன்பிறகு ரயில் என்றால் ஏறலாம் என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. பறவைகள் ஏறின. அவற்றை மன்னிக்கலாம், அவற்றுக்கு "ஏறக் கூடாது" என்ற அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது. ஐஸ் ஆலைக்காரம்மா துடுப்பு போட்டு வந்து, நாலாம் பெட்டியின் மேல் வீட்டுக் கம்பளி மூன்றையும் துவைத்து விரித்துவிட்டு, "இங்கதான் தூசி இல்ல" என்றார். நான் சட்டம் பேசினேன். "கல்லு சுவர் இருந்தா அதுல விரிச்சிருப்பேன், எங்க உங்க கல்லு?" என்று கேட்டார். அங்கே கல் சுவர் கட்டப் பார்த்தவன் நான், அதற்குமேல் சட்டம் பேசவில்லை. கம்பளி காயும்வரை காவல் இருந்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு போட்டோக்காரர், கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடியை அழைத்து வந்து எட்டாம் பெட்டியில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். கடலின் நடுவில் நிற்கிற மாதிரி வேண்டுமாம். எடுக்கும் மும்முரத்தில் வந்த படகைக் கட்ட மறந்திருக்கிறார்கள். படகு தன் பாட்டுக்குக் கரைக்குத் திரும்பிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை ஒரு முனையில், பெண் மறு முனையில், நடுவில் போட்டோக்காரர். "இவர நம்பி எப்படிங்க ஒரு வாழ்க்கை?" என்று பெண் என்னைக் கேட்டாள். "படகக் கட்டாதது போட்டோக்காரர்மா, இவர் இல்ல" என்றேன். "கட்டினீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள். நியாயமான கேள்வி. மூவரையும் என் படகில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அந்தப் பையன் சொன்னதற்கு அவள் சிரித்துவிட்டாள். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, துடுப்புச் சத்தம். கல்யாணம் நடக்கிறதாம். பத்திரிகை வந்தது. பெயர் தெரியாததால் உறையில் "பெட்டி ரயில் ஸ்டேஷன் மாஸ்டர்" என்று எழுதியிருக்கிறார்கள். அத்தை அதைக் காட்டாத வீடு இந்தத் தெருவில் இல்லை.

மைக் தலைவர் தூண்டில் போட வந்தது வேறு கதை. பெட்டிக்குக் கீழே நிழல் இருக்கிறது, அடியில் சிப்பி பிடித்திருக்கிறது, அதனால் மீன் கூடுகிறது என்று தாங்கள் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தவர் அவர்தான். இப்போது தினமும் சாயங்காலம் இரண்டாம் பெட்டியில் உட்கார்ந்துவிடுகிறார். "கீழே இறங்குங்க" என்று நான் சொல்லப் போய், அவர் திரும்ப, தூண்டில் முள் என் கால்சட்டையின் பின்பக்கம் மாட்டி, அவர் பெரிய மீன் என்று நினைத்து இழுத்து, மீதியை எழுதுவது மரியாதையாக இருக்காது. தையல்காரர் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

இதெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் போகிறவனுக்கு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் போனேன். முழங்காலுக்குத் துடுப்பு போடுவது நல்லது என்று மருத்துவர் சொன்னார். (மருத்துவர் சொன்னது நடை. ஆனால் அவர் கடற்கரை ஆள் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்?) போகப் போக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது. மூன்றாவது முனகும். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஈரச் செருப்பு போட்டு நடக்கிற மாதிரி ஒரு சத்தம். பதினோராவது ஊமை. ஏழாவதுதான் போன வாரத்திலிருந்து பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் உன் புருஷன் கடிப்பானே, அதே சத்தம்.

இந்த இடத்தில் "உன்" என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தப் பார்த்தேன், தாள் கிழிகிறது. தாங்கள் தாங்கள் என்று எழுதி எனக்குக் கையும் வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன் அம்மா. எழுத்தரிடம் சொல்லிவிடாதே. ஒரு பக்கம் என்ற விதியும் எப்போதோ போய்விட்டது.

தவளையை அழைத்துப் போனேன். அதான், முங்குகிறவர், தண்ணீரில் இருக்கிற நேரம் தரையில் இருப்பதைவிட அதிகம் என்பதால் அந்தப் பெயர். முங்கி எழுந்து, "ஏழாம் பெட்டிக்கு வெளிப்பக்கம் போற சங்கிலில வளையம் பாதியாத் தேஞ்சிடுச்சு அண்ணே, விரல் தடிமன்கூட இல்ல" என்றார். அதை நோட்டில் எழுதினேன். சங்கத்துக்குப் போய்ச் சொன்னேன். புது வளையம் கிடங்கிலேயே இருக்கிறது, நீதான் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மாற்றத் தவளையும் தயார். மைக், "அடுத்த கூட்டத்துல வச்சி முடிவு எடுப்போம்" என்றார். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. காற்றுக்கு அது தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிட்டது.

வானொலியில் முந்தின நாளே சொல்லிவிட்டதால் ஒரு படகும் வெளியே போகவில்லை. நாற்பத்தொரு படகும் குடாவுக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. நாங்கள் எல்லாரும் படகுத்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணிக்கு ஏழாம் பெட்டியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி என்றார்கள். எனக்கு என் பல் ஒன்று உடைந்த மாதிரி இருந்தது. சங்கிலி போய்விட்டது. நேராக இருந்த ரயில் ஏழாம் பெட்டியில் வளைந்து, வில் மாதிரி உள்பக்கம் துருத்திக்கொண்டு வந்தது. ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள சங்கிலிகள் இப்போது அதன் பாரத்தையும் சேர்த்து இழுக்கின்றன. அவையும் போனால் அந்தப் பேருந்துகள் எல்லாம் கடலின் வேகத்தோடு நேராகப் படகுகள் மேல்தான் வந்து விழும்.

மைக் கத்தினார்: "ரெண்டு கோடியிலயும் அவுத்து விட்ருங்கய்யா! கடலோட போகட்டும்!"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டேன்.

"கடல்லேருந்து."

"அப்ப அவுத்துவிட்டா கடலுக்கா போகும்? நேரா உங்க படகுக்குத்தான் வரும், வாசலத் தட்டிட்டு."

அவர் தன் படகைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அதை நோக்கி ஓடினார். அவ்வளவு அமைதியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நோட்டு சட்டைக்குள் இருந்தது, ஒரு பழக்கமாக எப்போதும் கொண்டுபோய்விடுகிறேன். எடுத்துப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: "ஒரு சங்கிலி அறுந்தால்." கீழே நீ எழுதியதை நான் இப்போது பார்க்காமலே எழுதுவேன். "பதற வேண்டாம். சுவர் உடனே போய்விடாது, நேரம் கொடுக்கும். பழைய இழுவை லாஞ்சை உள்பக்கத்திலிருந்து அந்தப் பெட்டியில் முட்டுக் கொடுத்து, காற்று அடங்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். பக்கத்துப் பெட்டிகள் இரண்டிலும் உள்ள கயிறு கட்டும் கட்டைகளுக்குப் பெரிய வடம் போட்டு அதைச் சேர்த்துக் கட்ட வேண்டும். லாஞ்சை மாமா ஓட்டட்டும். அவரைத் தவிர வேறு யாரையும் ஓட்டவிட வேண்டாம்."

அந்தப் பக்கத்தின் மூலையில் தேதி போட்டிருக்கிறாய். ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறாயே, அந்தப் பழக்கம். கூட்டம் நடந்த தேதி. அத்தனை பேர் முன்னால் நான் உன்னை அப்படிப் பேசி, நீ வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டாயே, அன்று. அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைத்தான் எழுதியிருக்கிறாய்.

அதற்குமேல் நிற்க முடியவில்லை. லாஞ்சுக்குப் போனேன். தவளை வந்தார். மூன்றாவது ஆளாக வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான், மூக்குக் கண்ணாடி ஈரம். உன் புருஷன். கடையைப் பூட்டாமல் வந்திருக்கிறான்.

"நீ எங்கடா வர? குளியலறையில தண்ணி தேங்கினாலே உனக்குத் தலை சுத்தும்" என்றேன்.

"அவதான் இங்க இல்லயேப்பா. அப்ப நான்தான வரணும்?" என்றான்.

ஏறு என்றேன். ஏறியதும் வாந்தி எடுத்தான். கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே.

லாஞ்சின் மூக்கை ஏழாம் பெட்டியில் வைத்து அழுத்தினேன். முன்னால் தொங்கும் பழைய டயர்கள் நசுங்கிப் பாதியாயின. எஞ்சின் அழுதது. பதினெட்டு வருடம் கல் ஏற்றிய பார்ஜுகளை இழுத்த எஞ்சின் அது, அதற்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே முழங்கால். விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டி ஒரு முழம் வெளியே போகும், ஒரு முழம் உள்ளே வரும். இப்போது ஒருவர் பெட்டி மேல் ஏறி வடத்தைக் கட்ட வேண்டும். தவளைக்கு லாஞ்சின் முன்பக்கத்தில் வேலை இருந்தது, டயர் நழுவினால் திருப்பி வைக்க. நான் சுக்கானை விட முடியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் உன் புருஷன் பெட்டி மேல் இருந்தான். நின்றுகொண்டு இல்லை, நான்கு காலில். ஒரு அலை வந்து மேலே அடித்தது. அவனைக் காணவில்லை. நான் என்ன கத்தினேன் என்று தவளைதான் பிறகு சொன்னார். அவன் பெயரைக் கத்தவில்லையாம், உன் பெயரைக் கத்தினேனாம். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏன் அப்படி என்று தெரியவில்லை. எது உடைந்தாலும் நீதான் சரிசெய்வாய் என்று எங்கேயோ மனதில் ஊறிவிட்டது போலிருக்கிறது.

தண்ணீர் வழிந்து இறங்கியதும் பார்த்தால் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறான். கண்ணாடி போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தன் கை தெரியாது. வடத்தைத் தடவித் தடவி முடிச்சுப் போட்டான். ஆறில் ஒன்று, தவழ்ந்து போய் எட்டில் ஒன்று. நான் இங்கிருந்தே பார்த்தேன், ஒரு மாலுமி போடுகிற முடிச்சு. திரும்பி வந்து விழுந்தவனிடம், "யார்ரா இது சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"அவதான். கல்யாணம் ஆன புதுசுல. என் செருப்பு வார்ல." சொல்லிவிட்டு மறுபடி வாந்தி எடுத்தான்.

ஒன்றரை மணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். செய்வதற்கு வேறு வேலை இல்லை, அழுத்திப் பிடிப்பதும் பார்ப்பதும்தான். அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன் அம்மா. தினமும் அங்கே போனவன் பார்த்ததில்லை, அமைதியான நாளில் பார்க்க என்ன இருக்கிறது? பெட்டிக்கு அந்தப் பக்கம் அலை ஆள் உயரம். வருகிறது, பெட்டியில் முட்டுகிறது, பெட்டி ஒருமுறை மூச்சு வாங்குகிறது, அலை இரண்டாகக் கிழிந்து பாதி திரும்பிப் போகிறது, மீதி நுரையாகிறது. இந்தப் பக்கம் வருவது முழங்கால் உயரம். தவளை ஊற்றிக் கொடுத்த தேநீர் சுக்கானுக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தது. கொஞ்சம் சிந்தியது, அவ்வளவுதான். ஒரு சங்கிலி இல்லாமல், முறிந்த கையோடு, அந்தச் சுவர் வேலை செய்துகொண்டிருந்தது. நாற்பத்தொரு படகும் பின்னால் அசைந்துகொண்டு நின்றன. வாளித் தண்ணியக்கூட அடக்காது என்று சொன்ன வாய் என்னுடையது.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் அந்த வாயில் கல் கொட்டினோம், உனக்குத் தெரியும். மலையிலிருந்து வெட்டி வந்த கல், ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு. அந்தக் கல் சுவர் ஒருநாள் தண்ணீருக்கு மேலே வரும், அதன் மேல் நடந்து போகலாம் என்று உன் புருஷனுக்குச் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்கிறேன். மூன்றாவது வருடமே எனக்குத் தெரியும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தினமும் நான்தான் விட்டு ஆழம் பார்ப்பேன். திங்களன்று பத்து முழம் என்றால் சனியன்று பதினொன்று. கொட்டக் கொட்டச் சேறு விழுங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவரை இழுத்ததெல்லாம் என்ன என்று ஆகிவிடும். இன்னும் ஒரு மழைக்காலம், இன்னும் ஒரு வருடம், அடி கெட்டியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருடம் சொல்லிக்கொண்டேன். பிறகு மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள், நான் ஓய்வு பெற்றேன், எல்லாரும் மாலை போட்டார்கள்.

நீ கூட்டத்தில் வரைபடத்தை விரித்தாய். முதல் தாளில் முதல் வரி: "இங்கே அடியில் சேறு. கல் நிற்காது." நீ யாரையும் குறை சொல்லவில்லை. கடலடியைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். ஆனால் எனக்கு, யாரோ என் அறைக்குள் வந்து பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. அதனால்தான் கத்தினேன். நான் பேசினது தப்பு. என்னை மன்னித்துவிடு.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். மின்விசிறியும் ஒரு மாதிரிச் சுற்றுகிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மணிக்கு மேல் காற்று திரும்பியது. இரண்டு மணிக்கு லாஞ்சைப் பின்னால் எடுத்தேன், வடம் தாங்கியது. மறுநாள் தண்ணீர் தெளிந்ததும் தவளை முங்கிச் சங்கிலியைப் பிடித்துப் புது வளையம் போட்டார், கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. நாற்பது படகுக்கு ஒரு கீறல் இல்லை. நாற்பத்தொன்றாவது படகு மைக்குடையது. பயந்து அவிழ்த்து நகர்த்தப் போய், தானே கொண்டுபோய்ப் படகுத்துறையில் முட்டிப் பக்கப் பலகையை உடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், "இந்தச் சுவரைக் காப்பாத்த நான் எடுத்த நடவடிக்கைகள்" என்று அரைமணி நேரம் பேசினார். பெட்டி ரயில் இங்கேயே இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். ஐஸ் ஆலைக்காரம்மா இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றுதான் கணக்கு என்று எழுத்தர் சொல்லியும் இறக்கவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. சுக்கான் ஒருமுறை திரும்பி விலாவில் லேசாகத் தட்டியது. மருத்துவர் இரண்டு எலும்பு என்கிறார், அவர் எதையும் பெரிதாகச் சொல்கிற ஆள். உன் புருஷனுக்குப் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது, கடை அவனுடையதுதானே. தரையில் நிற்கும்போதும் ஆடுகிறது என்கிறான், சரியாகிவிடும். நீ அங்கே வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஆகவே, என் வயதையும், விலாவையும், பெட்டி ரயிலுக்கு எதிராகப் பேசிய ஒருவனே அதற்குக் காவல் இருப்பதில் உள்ள பொருத்தமின்மையையும் கருத்தில் கொண்டு, என்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். சங்கம் முறையான ஒரு காவலரை நியமித்துவிட்டது. தொப்பி உண்டு, விசில் உண்டு. நீல நோட்டை அவரிடம் ஒப்படைத்துவிடுவேன். தாங்கள் எங்கே சுவர் கட்டினாலும் அது நிற்க வேண்டும், தாங்கள் நீண்ட ஆயுளோடும் காய்ந்த துணியோடும் சுகமாக இருக்க வேண்டும், போகிற இடத்திலெல்லாம் நல்ல சாப்பாடும் நல்ல சங்கிலியும் கிடைக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். அத்தையின் அன்பும், தங்கள் கணவரின் அன்பும் (அவர் தனியே எழுதுவார், இப்போது படுத்திருக்கிறார்).

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த முன்னாள் கண்காணிப்பாளரும்
மாமனாருமாகிய
மாமா

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிவிட்டு, இன்று காலை புதுக் காவலருக்குப் பொறுப்பைக் காட்டப் படகில் அழைத்துப் போனேன். பூட்ஸ் காலோடு மூன்றாம் பெட்டியில் இறங்கினார். அது முனகியது. "என்னங்க இது, எல்லாமே இப்படித்தான் சத்தம் போடுமா? எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு, மாசம் ஒருதடவ வந்து ஒரு பார்வை பார்த்தா போதாதா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. அவரைப் படகுத்துறையில் இறக்கிவிட்டேன். தொப்பி அவரிடமே இருக்கட்டும், பறவைகளை விரட்டும் வேலைக்கு விசில் அடிக்கலாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருப்பதை மைக்குக்கு வாசித்துக் காட்டினேன், அவர் எதிர்க்கவில்லை.

எனவே மேலே கண்ட ராஜினாமா செல்லாது. உறையைப் பிரித்து எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கூட்டத்தைப் பற்றி எழுதிய அந்த இரண்டு வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை விட்டுவிடு. ஒன்றுமில்லை என்று எழுதினேனே, விலா இருமினால் வலிக்கிறது. வர வேண்டிய அவசியம் இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். எப்போது வருவாய் என்று அத்தை கேட்கச் சொன்னாள். இல்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை, சமையலறையில் இருக்கிறாள். நான்தான் கேட்கிறேன்.